டஸ்கனி வெள்ளைச் சாலைகள்: கார் இல்லாத சரளை, மேடு, திராட்சைத் தோட்டம் மூன்றும் சேர்ந்து கிடைக்குமா?

சரளைப்பித்தன்
மே மாதம் முதல் வாரம், கையில் 5 நாள். இத்தாலியில் கியான்டி, மொந்தால்சீனோ பக்கம் சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்ட எண்ணம். கேட்பது மூன்று: கார் வரக்கூடாது, மேடுபள்ளம் இருக்கவேண்டும், திராட்சைத் தோட்டங்கள் வழியே போகவேண்டும். வண்டி: முன்னால் ஒற்றைச் செயின்ரிங் 40 பல், பின்னால் 11-42 கேசட் (பின்சக்கரப் பல்வட்ட அடுக்கு), டியூப்லெஸ் டயர் 38 மி.மீ. என் எடை 72 கிலோ, வண்டியும் பைகளும் சேர்ந்து 18 கிலோ. எந்தப் பாதை, எந்த டயர், கியர் போதுமா?

மேட்டுவழி
மூன்றும் ஒரே பாதையில் கிடைக்காது. அதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் திட்டம் எளிதாகிவிடும்.

கார் அறவே இல்லாத சரளை வேண்டுமென்றால் அரெஸ்ஸோவிலிருந்து கியூசி வரை போகும் 'சென்தியேரோ தெல்லா போனிஃபிகா'. சுமார் 62 கிலோமீட்டர், கியானா பள்ளத்தாக்கின் வடிகால் கால்வாயை ஒட்டிய கரைப்பாதை. சதுப்பாகக் கிடந்த பள்ளத்தாக்கை வடிகட்டி, டைபர் ஆற்றுப் பக்கம் போன நீரை ஆர்னோ பக்கம் திருப்பிவிட்டார்கள். அந்த வேலைக்காகப் போட்ட கரைதான் இப்போது சைக்கிள் பாதை. இரண்டு முனையிலும் ரயில் நிலையம் உண்டு. ஆனால் தட்டையோ தட்டை. மொந்தேபுல்சியானோவும் அதன் திராட்சைச் சரிவுகளும் தூரத்தில் தெரியும், அவ்வளவுதான். நிழல் குறைவு, எதிர்க்காற்று இருந்தால் 62 கிலோமீட்டரும் இழுக்கும்.

மேடும் திராட்சையும் வேண்டுமென்றால் கியான்டியின் வெள்ளைச் சாலைகள். இவை வெண்சரளை போட்ட பொதுச்சாலைகள். பண்ணைவீட்டுக்காரர், தபால் வண்டி, டிராக்டர், விடுதிக்கு வரும் வாடகைக் கார் எல்லாம் வரும். நெரிசல் கிடையாது, ஆனால் 'கார் இல்லாத' என்று நம்பி வளைவில் இடப்பக்கம் போனால் ஆபத்து. அங்கே வலப்பக்கம்தான் ஓட்டவேண்டும், நம் ஊர்க் கண்ணுக்கு அது இன்னும் ஒரு சிக்கல்.

உண்மையில் தவிர்க்கவேண்டியவை தார்ச்சாலைகள்தான். ஃப்ளோரன்ஸ், சியெனா இடையே போகும் எஸ்.ஆர். 222-இல் மோட்டார் சைக்கிள் கூட்டம் அதிகம், வார இறுதியில் கேட்கவே வேண்டாம். சியெனாவுக்குத் தெற்கே எஸ்.ஆர். 2-இல் லாரி. இரண்டையும் குறுக்கே கடக்கலாம், நெடுகப் போகாதீர்கள்.

மண்வாசி
மேட்டுவழி சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. படங்களில் வரும் அலையலையான மொட்டைக் குன்று, ஒற்றை சைப்ரஸ் மரம், அதெல்லாம் கியான்டி அல்ல. சியெனாவுக்குத் தென்கிழக்கே இருக்கும் க்ரேத்தே செனேசி. அங்கே கோதுமையும் மேய்ச்சலும்தான், திராட்சை மிகக் குறைவு. திராட்சை வடக்கே கியான்டியிலும் தெற்கே மொந்தால்சீனோவிலும். நடுவில் இருப்பது களிமண்.

இந்த மண்கணக்கு சைக்கிள்காரனுக்கு முக்கியம். கியான்டியில் அடியில் இருப்பது கலெஸ்த்ரோ என்ற உதிரும் களிப்பாறையும் அல்பெரேசே என்ற சுண்ணாம்புக் கல்லும். தண்ணீர் வடிந்துவிடும். நல்ல மழைக்குப் பிறகும் பாதி நாள் வெயில் போதும். சான்ஜோவேசே என்ற திராட்சைக் கொடிக்கு இந்த மண் ஒத்துக்கொள்வதற்கும் வடிகால் ஒரு காரணம். க்ரேத்தேவில் இருப்பது பழைய கடலடிக் களிமண். மேலே கொட்டிய சரளை மெலிந்த இடத்தில் மழை பெய்தால் களி மேலே வந்துவிடும். ஒன்றிரண்டு வெயில் நாள் ஆகாமல் இறுகாது.

2010 ஜிரோ என்ற இத்தாலிய சைக்கிள் பந்தயத்தில் கராராவிலிருந்து மொந்தால்சீனோ வந்த கட்டத்தை நினைத்துப் பாருங்கள். மே 15, கொட்டும் மழை, வெள்ளைச் சாலை முழுக்கச் சேறு. வென்ற கேடல் இவான்ஸின் உலகச் சாம்பியன் சட்டையில் நிறமே தெரியவில்லை. நீங்கள் போவதும் மே மாதம்தான்.

சங்கிலிவட்டம்
கியருக்கு வருகிறேன். முன் 40 பல்லுக்குப் பின் 42 பல் (40/42) போதாது. கணக்கு இதோ.

38-40 மி.மீ. டயர் போட்ட 700 சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். 40/42 என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் நகரும். மொத்தம் 90 கிலோவை 15 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றச் சுமார் 195 வாட் வேண்டும், சரளையின் உருள்தடை உட்பட. அந்த வேகத்தில் உங்கள் பெடல் நிமிடத்துக்கு 40 சுற்று. தார்ச்சாலை என்றால் எழுந்து நின்று மிதித்துவிடலாம். சரளையில் எழுந்தால் பின்சக்கரத்தின் மேல் எடை குறைந்து வழுக்கும். உட்கார்ந்து 40 சுற்றில் மிதித்தாலும் ஒவ்வொரு அழுத்தும் உதைபோல விழும், அதிலும் சக்கரம் பறிக்கும். 45-ஐ ஒட்டியாவது சுற்று இருந்தால்தான் பிடி நிற்கும்.

அதே 5 கிலோமீட்டர் வேகத்தில்:
36/42 என்றால் 44 சுற்று
30/36 என்றால் 45 சுற்று
40/50 என்றால் 47 சுற்று
30/42 என்றால் 53 சுற்று

மலிவான வழி முன் செயின்ரிங்கை 36 ஆக்குவது. உங்கள் கிராங்கின் துளை அமைப்புக்குப் பொருந்துவதைப் பார்த்து வாங்கவும், ஒற்றை ரிங்குக்கான குறுகல்-அகலப் பல் உள்ளதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் குலுக்கலில் செயின் கழன்றுவிடும். 4 பல் குறைவதால் செயினில் ஒரு ஜோடிக் கண்ணி எடுக்கலாம், எடுக்காவிட்டாலும் ஓடும். 36/11-இல் 90 சுற்று மிதித்தால் மணிக்கு 39 கிலோமீட்டர் வரும். சரளை இறக்கத்தில் அதற்கு மேல் மிதிக்கவே கூடாது.

கேசட்டைப் பெரிதாக்க நினைத்தால் பின் டீரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) எத்தனை பல் வரை தாங்கும் என்று பாருங்கள். ஷிமானோவின் 11 கியர் ஜி.ஆர்.எக்ஸில் ஒற்றை ரிங்குக்கான 812 டீரெய்லர் 42 வரைதான், இரட்டை ரிங்குக்கான 810 டீரெய்லர் 34 வரைதான். அதிகாரபூர்வ எல்லையைத் தாண்டிப் போட்டு ஊரில் ஓட்டுகிறவர்கள் உண்டு. குலுங்கும் சாலையில் டீரெய்லரின் மேல் ஜாக்கி சக்கரம் பெரிய பல்லில் உரசும் சத்தத்தோடு 5 நாள் போகவேண்டுமா என்பது உங்கள் விருப்பம்.

சரளைப்பித்தன்
15 சதவீதம் என்பது உண்மையில் எங்கே வருகிறது? இந்தச் சாலைகளில் நடக்கும் ஸ்த்ராதே பியாங்கே சைக்கிள் பந்தயப் பாதையில் மட்டும்தானா?

மேட்டுவழி
பந்தயம் 2007-இல் தொடங்கியது. சாலைகள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே கிடக்கின்றன. பந்தயத்தின் கடைசிப் பகுதியில் கொல்லே பின்சூத்தோ, 2.4 கிலோமீட்டர், உச்சச் சரிவு 15 சதவீதம். லே தோல்ஃபே மொத்தமே 1.1 கிலோமீட்டர், முதலில் செங்குத்தாக இறங்கி உடனே 18 சதவீதம் வரை ஏறும். சியெனா ஊருக்குள் நுழையும் சாந்தா கத்தரீனா தெருவே 16 சதவீதம், அது கல் பாவியது. பை கட்டிய வண்டியை லே தோல்ஃபேயில் தள்ளிக்கொண்டு நடப்பது கேவலம் ஒன்றும் இல்லை.

மோன்தே சாந்தே மாரியே வேறு ரகம். 11.5 கிலோமீட்டர் தொடர்ச்சியான சரளை, அஷானோ பக்கம் தொடங்கும். ஒரே பெரிய மேடு கிடையாது, ஏறி இறங்கி ஏறி இறங்கியே காலை உறிஞ்சிவிடும். பந்தயத்தை மூன்று முறை வென்ற கான்செல்லாராவின் பெயரை இதற்குத்தான் வைத்திருக்கிறார்கள். வழியில் கடை கிடையாது. அஷானோவில் இரண்டு பாட்டிலையும் நிரப்பாமல் புறப்படாதீர்கள்.

வால்வுமூடி
டயர். 45 மி.மீ. போடுங்கள், பேச்சை முடியுங்கள். 38-இல் உங்கள் எடைக்கு முன் 2.4 பார், பின் 2.6 பார், அதாவது 35, 38 பி.எஸ்.ஐ. 45 போட்டால் முன் 1.9, பின் 2.1 பார் போதும். வறண்ட நாளில் பிரேக் பிடிக்கும் இடங்களிலும் ஏற்றங்களிலும் சாலை வரிவரியாக அலை எழும்பிக் கிடக்கும். அதில் காற்று அதிகம் வைத்தவன் கையும் இடுப்பும் போச்சு. காற்றைக் குறைத்தால் 38-இல் ரிம் கல்லில் இடிக்கும்.

சீலண்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) 45 டயருக்கு ஒன்றுக்கு 60-70 மில்லி. மூன்று மாதத்துக்கு முன் ஊற்றியது இப்போது ரப்பர் தோலாகத்தான் உள்ளே ஒட்டியிருக்கும். புறப்படும் வாரம் வால்வைக் கழற்றி மெல்லிய குச்சி விட்டுப் பாருங்கள், நுனியில் ஈரம் ஒட்டவில்லை என்றால் புதிதாக ஊற்றவும்.

சுண்ணாம்புக் கல்லின் முனை டயரின் ஓரச் சுவரைக் கிழிக்கும். அங்கே செருகும் ரப்பர்த் திரி பெரும்பாலும் நிற்காது, சுவர் மெலிது. உள்பக்கம் ஒட்டு வைத்து டியூப் போட்டு ஓட்டவேண்டும். ஆகவே கொண்டுபோக வேண்டியது: ரப்பர்த் திரி 5, பழைய டயரில் வெட்டிய 5 செ.மீ. துண்டு இரண்டு, டியூப் இரண்டு, வால்வு உள்ளூசி ஒன்று, கைப்பம்ப். வாயு சிலிண்டரை விமானத்தில் கொண்டுபோக அனுமதிக் குழப்பம், போதாக்குறைக்கு அந்தக் குளிர்வாயு சிலவகை லேடெக்ஸ் சீலண்டைக் கட்டியாக்கிவிடும். பம்ப் போதும்.

டியூப் போடும்முன் டயரின் உள்பக்கம் முழுக்கத் துணியால் தடவிப் பாருங்கள். டியூப்லெஸ்ஸில் இதுவரை சீலண்ட் அடைத்துவைத்த முள்ளெல்லாம் அங்கேயேதான் இருக்கும். பார்க்காமல் டியூப் போட்டால் ஒரு கிலோமீட்டரில் மறுபடி பஞ்சர்.

மண்வாசி
45 என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன், வால்வுமூடி. சட்டகத்தின் இடைவெளியைக் கேட்காமல் எப்படிச் சொல்கிறீர்கள்? 45 வரை இடம் என்று எழுதிய சட்டகத்தில் 45 போட்டால் பக்கத்துக்கு 4 முதல் 6 மி.மீ. தான் மிச்சம். காய்ந்த கியான்டியில் அது பிரச்சினையே இல்லை. க்ரேத்தேவில் மழை பெய்த மறுநாள் அந்தக் களி பரோட்டா மாவு மாதிரி டயரைச் சுற்றி உருண்டு, ஃபோர்க் தலையிலும் பின் குழாய்களுக்கு இடையிலும் அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். அதே சட்டகத்தில் 38 என்றால் பக்கத்துக்கு 3.5 மி.மீ. கூடுதல் இடம்.

அடைத்தபின் ஆட்கள் செய்வது, இன்னும் பலமாக மிதிப்பது. சேறு செயினோடு சேர்ந்து டீரெய்லருக்குள் போகும், அதன் கை மடங்கி ஆரக்கம்பிக்குள் நுழையும், அதைச் சட்டகத்தோடு பிடிக்கும் ஹேங்கர் முறியும். சக்கரம் கனத்ததும் இறங்கி, பிளாஸ்டிக் டயர் நெம்புகோலால் வழித்துவிட்டு, புல் இருக்கும் ஓரமாகத் தள்ளுங்கள். கியரை நடுப் பல்லில் வைத்துத் தள்ளவும். உபரி ஹேங்கர் கட்டாயம். அது சட்டகத்துக்குச் சட்டகம் வேறு, இத்தாலிய கிராமத்துக் கடையில் உங்களுடையது இருக்காது.

வால்வுமூடி
சரி, இடைவெளி 50 மி.மீ. வரை இருந்தால் 45. இல்லையென்றால் 40. 38-ஐ மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன், பை கட்டிய வண்டிக்கு அது ஒல்லி.

மண்வாசி
40-க்குச் சம்மதம்.

இறக்கவீரன்
ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். விழுவதெல்லாம் இறக்கத்தில்தான்.

கார் சக்கரம் ஓடி இறுகிய இரண்டு தடம் இருக்கும், நடுவிலும் வெளி ஓரத்திலும் உதிரிச் சரளை குவிந்திருக்கும். தடத்திலேயே இருங்கள். வளைவுக்குள் தடம் மாறக்கூடாது, முன்சக்கரம் குவியலைக் கடக்கும்போது படுத்துவிடும். வேகத்தை வளைவுக்கு முன், வண்டி நேராக நிற்கும்போதே குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். கை கீழ் வளைவுப் பிடியில், இரண்டு விரல் பிரேக்கில், பெடல்கள் சமமட்டத்தில், இருக்கையிலிருந்து லேசாக எழுந்து இடுப்பைப் பின்னால். வரி அலையில் பிரேக் போட்டால் சக்கரம் அந்தரத்தில் இருக்கும் நேரம்தான் பூட்டும். அலைக்கு முன்னேயே வேகத்தைக் குறைத்து, அலையில் விட்டுவிடுவது.

பிரேக் பட்டை: ரெசின் வகை, ஈரச் சுண்ணாம்புச் சேற்றில் ஒரே நாளில் தேய்ந்துபோகும், மழை என்றால் சின்டர் உலோக வகை. உராயும் பகுதி 0.5 மி.மீ. ஆனால் மாற்றவேண்டும் என்பது ஷிமானோவின் அளவு. அந்த நிலையில் மலைக்குப் போகாதீர்கள், உபரி ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். பாட்டில் கூண்டை இறுக்கமாக வளைத்து வையுங்கள். முதல் இறக்கத்தில் பறக்கும் பாட்டில் பின்னால் வருகிறவனுக்குத்தான் ஆபத்து.

செயினுக்கு மெழுகு. வெள்ளைத் தூசி எண்ணெயோடு சேர்ந்தால் அரைக்கும் பசை. மெழுகு மழையில் கழுவிப்போகும், அதனால் சிறு குப்பி ஒன்று கையில்.

எதிரே கார் வந்தால் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், தூசி மறுபக்கம் போகும்.

கொடிமுந்திரி
திராட்சை ரசம் பற்றி யாரும் பேசவில்லையே!

இத்தாலியில் வாகனம் ஓட்டுவோருக்கான லிட்டருக்கு 0.5 கிராம் இரத்த ஆல்கஹால் வரம்பு சைக்கிளுக்கும் உண்டு. சுவைப்பு என்றால் நாலைந்து கோப்பை, பெரும்பாலும் வெறும் வயிற்றில், வெயிலில் மிதித்து உடல் வறண்ட நிலையில். அதன்பின் ப்ரோலியோ கோட்டை இறக்கத்தில் சரளை. துப்பும் பாத்திரம் வைத்திருப்பார்கள், கேட்பதில் வெட்கமில்லை. நல்ல வழி, அன்றைய ஓட்டத்தின் கடைசி 2 கிலோமீட்டருக்குள் இருக்கும் தோட்டத்தில் மாலை நேரத்துக்கு முன்பதிவு செய்வது. பெரும்பாலான இடங்களில் முன்பதிவு இல்லாமல் சுவைப்பு கிடைக்காது. புட்டியைப் பையில் கட்டாதீர்கள், வீட்டுக்கே அனுப்பச் சொல்லலாம்.

பகலில் சாப்பாடு 2 மணிக்குள். அதற்குப் பிறகு சமையலறை மூடிவிடும், மளிகைக் கடையும் மதியம் சாத்திவிடும். குழாயில் 'நோன் பொத்தாபிலே' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாத தண்ணீர்.

செப்டம்பர், அக்டோபர் என்று தேதி மாறினால் இரண்டு விஷயம். ஒன்று அறுவடை: குறுகிய சாலையில் டிராக்டரும் திராட்சை இழுவண்டியும், அவர்களுக்கு வழிவிடுவதுதான் முறை. இரண்டு வேட்டை: செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு முதல் ஜனவரி 31 வரை. செவ்வாயும் வெள்ளியும் நாடு முழுக்க வேட்டை கிடையாது. காட்டுப் பகுதியை அந்த நாட்களில் வையுங்கள், மற்ற நாளில் பளிச்சென்ற மேல்சட்டை.

மேட்டுவழி
5 நாளுக்கு என் திட்டம்.

முதல் நாள் அரெஸ்ஸோ முதல் கியூசி, 62 கிலோமீட்டர். தட்டை, கார் கிடையாது, வண்டியைச் சரிபார்க்க நல்ல நாள். பை குலுங்குகிறதா, காற்று சரியா என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். மாலையில் கியூசியிலிருந்து சியெனா பாதை ரயிலில் அஷானோ.

இரண்டாம் நாள் அஷானோவிலிருந்து மோன்தே சாந்தே மாரியே, மோன்தாபெர்தி, கொல்லே பின்சூத்தோ, லே தோல்ஃபே, சியெனா. மழை பெய்திருந்தால் இதைத் தூக்கி எறிந்துவிட்டு அஷானோவிலிருந்து லவ்ரெத்தானா தார்ச்சாலை, எஸ்.பி. 438. அழகில் குறைவில்லை, கார் குறைவு, களி இல்லை.

மூன்றாம் நாள் சியெனாவிலிருந்து பியனெல்லா வழியாக ப்ரோலியோ கோட்டை, காயோலே. ஏற்றம் கோட்டையைச் சுற்றி. நான்காம் நாள் பைகளை விடுதியில் போட்டுவிட்டு வெறும் வண்டியில் காயோலே, வெர்தீனே, ராத்தா சுற்று. திராட்சைக்கு நடுவே ஓடுவது இந்த நாளில்தான், அதனால் தூரத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள். காயோலே, லெரோயிகா என்ற பழைய சைக்கிள் ஓட்டம் தொடங்கும் ஊர், அது 1997 முதல் நடக்கிறது. அதன் 209 கிலோமீட்டர் பாதைக்கு ஆண்டு முழுக்க வழிப்பலகை உண்டு, ஆகவே இந்தப் பக்கம் வழி தவறுவது கடினம்.

ஐந்தாம் நாள் சியெனா திரும்பி, ரயிலில் புவோன்கொன்வெந்தோ, அங்கிருந்து காஸ்தில்யோன் தெல் போஸ்கோ வெள்ளைச் சாலை ஏற்றத்தில் மொந்தால்சீனோ. காயோலேயிலிருந்து சியெனாவுக்கே சுமார் 28 கிலோமீட்டர் இருக்கிறது, களைப்பாக இருந்தால் மொந்தால்சீனோவை விட்டுவிடுங்கள்.

சரளைப்பித்தன்
ரயிலில் சைக்கிள் ஏற்றுவது எப்படி? வரைபடச் செயலியில் பாதை போட்டால் நம்பலாமா?

சங்கிலிவட்டம்
வட்டார ரயிலில் சைக்கிள் அடையாளம் போட்ட பெட்டியில் ஏற்றலாம், உங்கள் டிக்கெட்டோடு சைக்கிளுக்கு நாள் டிக்கெட், சுமார் 3.50 யூரோ. சக்கரம் கழற்றிப் பைக்குள் போட்டு 80×110×45 செ.மீ.-க்குள் அடக்கினால் அந்தக் கட்டணமும் இல்லை. அதிவேக ரயிலில் பைக்குள் போட்டால் மட்டுமே. கியூசி, அஷானோ பாதையில் வண்டிகள் குறைவு, ஞாயிறு இன்னும் குறைவு, நேரத்தை முதல்நாளே பார்த்துவிடுங்கள். ஃப்ளோரன்ஸிலிருந்து சியெனா ஒன்றரை மணி நேரம். சியெனா நிலையம் ஊருக்குக் கீழே, இறங்கியதும் ஏற்றம்தான்.

செயலிகள் திராட்சைத் தோட்டத்துக்குள் போகும் பண்ணைத் தடத்தையும் சாலை என்று எடுத்துக்கொள்ளும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் 'தனியார்' என்று குறித்த துண்டு பாதையில் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்து நீக்குங்கள். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வாயிற்கதவும் தெரியும். பாதைக் கோப்பைக் கருவியிலேயே இறக்கி வையுங்கள், பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்ப் போய் வரும்.

இருட்டியபின் ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளிரும் மேலங்கி சட்டப்படி கட்டாயம். மணியும் கட்டாயம், அதுவும் குருட்டு வளைவுகளில் உண்மையாகவே பயன்படும்.

சரளைப்பித்தன்
முடிவு: செயின்ரிங் 36, டயர் 40, உபரி ஹேங்கர், பிரேக் பட்டை ஒரு ஜோடி. 40 டயருக்கு என் எடையில் காற்று?

வால்வுமூடி
முன் 2.2, பின் 2.4 பார். பை எல்லாம் பின்னால் என்றால் பின் 2.5. நான்காம் நாள் பையைக் கழற்றியதும் இரண்டிலும் 0.1 இறக்கிவிடுங்கள்.